தெருவை விட்டுப் போகாத திருவிழா: நாட்டிங் ஹில் கார்னிவல் ஏன் பூங்காவுக்கு நகர மறுக்கிறது?

ஆகஸ்ட் மாதக் கடைசியில் லண்டனிலிருந்து இரண்டு விதமான படங்கள் வரும். ஒன்றில், இறகு வைத்த கிரீடமும் மினுங்கும் ஆடையுமாக நூற்றுக்கணக்கானோர் ஒரு லாரியின் பின்னால் ஆடிக்கொண்டு போவார்கள். மற்றொன்றில், காவலர்கள் வரிசை கட்டி நிற்க, பின்னால் கடைகள் ஒட்டுப்பலகை அடித்து மூடிக் கிடக்கும். இரண்டும் ஒரே விழாவின் படங்கள்தாம். கூடவே மூன்று யோசனைகளும் ஆண்டு தவறாமல் வரும்: தடை செய்யுங்கள், ஹைட் பூங்காவுக்கு மாற்றுங்கள், டிக்கெட் போட்டுவிடுங்கள்.

2025இல் குழப்பம் இன்னும் கூடியது. நிதி இல்லையென்றால் விழாவின் எதிர்காலமே கேள்விக்குறி என்று அமைப்பாளர்கள் பிரிட்டிஷ் பண்பாட்டுத் துறை அமைச்சருக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. லண்டன் மேயர் அலுவலகமும், கென்சிங்டன்-செல்சி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆகிய இரண்டு உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து 10 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தொகையைக் கொடுத்தன. விழா நடந்தது. நடந்தபோது காவல்துறை நிறுத்திய முக அடையாளக் கேமராக்கள் அடுத்த சர்ச்சையைக் கிளப்பின.

ஒரு தெருத் திருவிழாவுக்கு ஏறத்தாழ 7,000 காவலர்கள் எதற்கு? பத்து லட்சம் பேர் வரும் விழாவின் கையில் ஏன் காசில்லை? பூங்காவுக்கு மாற்றினால் என்ன குறைந்துவிடும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நாட்டிங் ஹில் கார்னிவல், தெருவில் நடமாட உரிமை இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் தெருவில் இறங்கி நடந்ததால் பிறந்தது. அதன் பலமும் தொல்லையும் அங்கிருந்தே வருகின்றன.

## என்ன விழா, எங்கே, எப்போது?

மேற்கு லண்டனில், லாட்புரோக் குரோவ், போர்ட்டொபெல்லோ சாலை, வெஸ்ட்போர்ன் குரோவ் ஆகியவற்றைச் சுற்றிய குடியிருப்புத் தெருக்களில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை இங்கிலாந்தில் பொது விடுமுறை. அதற்கு முந்தைய ஞாயிறு குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான நாள். திங்கள் பெரிய ஊர்வலம். சனிக்கிழமையே ஸ்டீல்பேன் குழுக்களின் போட்டி நடந்து முடிந்துவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை, வாயிலும் இல்லை. அதனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எவராலும் துல்லியமாக எண்ண முடியாது. இரண்டு நாளில் பத்து லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு. இரண்டு மடங்கு சொல்பவர்களும் உண்டு.

விழாவின் உறுப்புகள் ஐந்து. செய்திகளில் இந்தச் சொற்கள் விளக்கமின்றி வருவதால் இங்கே சொல்லிவிடலாம்.

1. மாஸ். முகமூடி ஆட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஒவ்வொரு குழுவும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற உடையில் ஆடிச் செல்லும். உடைகள் தைக்கும் இடத்துக்கு மாஸ் முகாம் என்று பெயர். கம்பி வளைப்பது, இறகு ஒட்டுவது, மணி கோப்பது என்று அங்கே மாதக்கணக்கில் வேலை நடக்கும்.

2. ஸ்டீல்பேன். எண்ணெய் பீப்பாயின் தகட்டைக் குழிவாக அடித்து, அதில் சுரங்களைப் பிரித்து எடுக்கும் கருவி. மேளம் போலத் தோன்றினாலும் முழு ராகமும் வாசிக்கலாம்.

3. கலிப்சோ. நாட்டு நடப்பை எள்ளலோடு சொல்லும் பாட்டு. நம் கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையைக் கரீபியத் தீவான டிரினிடாடில் கலிப்சோ பாடகர் செய்கிறார்.

4. சோகா. கலிப்சோவின் வேகமான வாரிசு. 1970களின் தொடக்கத்தில் லார்ட் ஷார்ட்டி என்ற பாடகர், இந்திய வம்சாவளியினர் வாசித்த டோலக், தந்தால் தாளங்களைக் கலிப்சோவுக்குள் கொண்டுவந்து இதை உருவாக்கினார். அந்த வம்சாவளியினர் 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட 1,40,000க்கும் மேற்பட்டோரின் பிள்ளைகள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாகப் போனவர்கள். சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு.

5. சவுண்ட் சிஸ்டம். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி ரெக்கே முதலான இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் ஜமைக்கா வழக்கம். முப்பதுக்கும் மேற்பட்ட தெருமுனைகளில் இவை நிற்கும்.

முதல் நான்கும் டிரினிடாடின் சொத்து, ஊர்வலத்தோடு நகர்பவை. ஐந்தாவது ஜமைக்காவிலிருந்து வந்தது. ஒரே இடத்தில் நிற்பது. நகரும் கூட்டமும் நிற்கும் கூட்டமும் ஒரே தெருவில் மோதும் சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.

## தடை செய்யப்பட்ட மேளம்

டிரினிடாடில் கார்னிவலைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சு தோட்ட முதலாளிகள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்கு முன் மாளிகைகளில் முகமூடி விருந்து நடத்துவார்கள். அடிமைகளுக்கு அங்கே வேலை உண்டு, இடம் இல்லை. 1838இல் முழு விடுதலை கிடைத்ததும் விடுதலை பெற்றவர்கள் அந்த விழாவைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். நள்ளிரவில் தீப்பந்தங்களோடும் மேளத்தோடும் புறப்படும் ஊர்வலத்துக்குக் கான்புலே என்று பெயர். கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால் அடிமைகளைச் சாட்டையோடு ஓட்டிச் செல்வார்களே, அந்த நினைவையே கேலியாக்கிய ஊர்வலம் அது.

ஆட்சியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1881இல் போலீஸ் தலையிட, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பெரும் மோதல் நடந்தது. 1884இல் மேளம் அடிப்பதைச் சட்டம் போட்டே கட்டுப்படுத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இந்தியத் தோட்டத் தொழிலாளர்களின் முஹர்ரம் ஊர்வலம் தடையை மீறி சான் ஃபெர்னாண்டோ நகரத்தை நோக்கி வந்தபோது அதன் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்கள் பதினாறு பேருக்குக் குறையாது. ஆப்பிரிக்கர், இந்தியர் இருவருக்கும் ஒரே ஆண்டில் ஒரே செய்தி சொல்லப்பட்டது: சத்தத்தோடு தெருவுக்கு வராதே.

தோல் மேளம் கூடாது என்றதும் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930களில் பிஸ்கட் டின், வண்ண டப்பா, குப்பைத்தொட்டி மூடி என்று கையில் கிடைத்த இரும்பெல்லாம் வாத்தியமானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டி எண்ணெய் பீப்பாய்கள் தாராளமாகக் கிடைக்க, எல்லி மானெட் போன்ற இளைஞர்கள் தகட்டைக் குழித்துச் சுரம் பிரித்தார்கள். பேன் வாசிப்பவன் என்றால் ரவுடி என்பதுதான் அன்றைய நடுத்தர வர்க்கத்தின் தீர்ப்பு. பறையை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்த சமூகத்தின் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. 1992இல் அது டிரினிடாடின் தேசிய வாத்தியமாயிற்று; 2023இல் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது.

## லண்டனில் இரண்டு பிறந்தநாள்கள்

கார்னிவல் எப்போது தொடங்கியது என்று தேடினால் 1959 என்றும் 1966 என்றும் இரண்டு விடைகள் கிடைக்கும். இரண்டு பெண்கள் தாயாகச் சொல்லப்படுகிறார்கள். ஆதரவாளர்களிடையே இது இன்றும் காரசாரமான விவாதம்.

முதலில் பின்னணி. 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரித் துறையை அடைந்தது. போருக்குப் பிந்தைய ஆள் பற்றாக்குறையை நிரப்பக் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் குடிமக்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்க எவரும் தயாராக இல்லை. நாட்டிங் ஹில் அன்று சேரி. பீட்டர் ராக்மன் போன்ற வீட்டுக்காரர்கள் பாழடைந்த வீடுகளை அறை அறையாகப் பிரித்து, வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களிடம் கொள்ளை வாடகை வாங்கிய பகுதி. 1958 ஆகஸ்ட் இறுதியில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் கறுப்பின மக்களின் வீடுகளைத் தாக்கத் தொடங்கின. கலவரம் ஒரு வாரம் நீடித்தது. 1959 மே மாதம் ஆன்டிகுவாவைச் சேர்ந்த தச்சர் கெல்சோ காக்ரேன் இதே பகுதியின் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தச் சூழலில் வந்தவர் கிளாடியா ஜோன்ஸ். 1915இல் டிரினிடாடில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கச் சிறையில் இருந்து, 1955 டிசம்பரில் நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்தவர். 1958இல் பிரிக்ஸ்டனிலிருந்து வெஸ்ட் இண்டியன் கெஸட் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நாட்டிங் ஹில் கலவரம் தங்கள் வாயில் விட்டுச்சென்ற கசப்பைக் கழுவ ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சிலிருந்து கரீபியக் கார்னிவல் யோசனை எழுந்தது. 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ரஸ் நகர மன்றத்தில் அது நடந்தது, பிபிசி ஒளிபரப்பியது. கார்னிவல் டிரினிடாடில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருவது. லண்டன் ஜனவரியில் தெருவில் ஆட முடியுமா? ஆகவே அரங்கத்துக்குள். வருமானத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் சிக்கிய கறுப்பின, வெள்ளை இளைஞர்களின் அபராதத்தைக் கட்டப் பயன்படும் என்று நிகழ்ச்சி மலரில் அறிவித்திருந்தார்கள். இரு தரப்பு இளைஞர்களுக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜோன்ஸ் 1964 டிசம்பரில் காலமானார். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாவது தாய் ரோன் லாஸ்லெட். லண்டன் கிழக்குப் பகுதியில், அமெரிக்கப் பூர்வகுடித் தாய்க்கும் ரஷ்யத் தந்தைக்கும் பிறந்தவர். டாவிஸ்டாக் கிரசென்டில் இருந்த அவர் வீடு அக்கம்பக்கத்துக் குழந்தைகள் விளையாடும் இடமாகவும், வீட்டுக்காரர் துரத்தினால் ஓடிவந்து ஆலோசனை கேட்கும் இடமாகவும் இருந்தது. 1966 செப்டம்பரில் அவர் நடத்திய தெருவிழா குறிப்பாகக் கரீபிய விழா அல்ல. அந்தத் தெருக்களில் ஐரிஷ்காரர்கள், உக்ரைனியர்கள், ஸ்பானியர்கள், போர்ச்சுக்கீசியர்கள், ஆப்பிரிக்கர்கள் என எல்லாரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழ்ந்தார்கள். அவர்களை ஒரு நாள் வெளியே கொண்டுவருவதே அவர் நோக்கம். உள்ளாட்சி மன்றம் தருவதாகச் சொன்ன பணத்தைக் கடைசியில் தர மறுத்துவிட்டது.

அன்று அழைக்கப்பட்டவர்களில் ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பேன் குழு ஒன்று. ஏர்ல்ஸ் கோர்ட் மதுக்கூடம் ஒன்றில் ஞாயிறுதோறும் வாசிப்பவர்கள். குழுவில் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் இருந்தார்; 1951 பிரிட்டன் விழாவுக்காக டிரினிடாடிலிருந்து வந்த ஸ்டீல் இசைக்குழுவில் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர் அவர். கூட்டம் ஒரே இடத்தில் நின்று சலிக்கத் தொடங்க, ஹெண்டர்சன் குழு கழுத்தில் பேனை மாட்டிக்கொண்டு தடுப்பை விலக்கி நடக்கத் தொடங்கியது. திட்டம் எதுவும் இல்லை. குழந்தைகள் பின்னால் வந்தார்கள், அம்மாக்கள் வந்தார்கள், சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்த கரீபியர்கள் வெளியே வந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அடி வாங்கிய அதே தெருக்கள்.

ஜோன்ஸின் கார்னிவலில் தெரு இல்லை. லாஸ்லெட்டின் விழாவில் கார்னிவல் இல்லை. இரண்டையும் இணைத்தது அந்த நடை. தாய் யார் என்ற சண்டையில் என் கட்சி இதுதான்: பிறந்தநாள் எதுவானாலும், இன்று நாம் காணும் விழா நடக்கத் தொடங்கிய கணத்தில்தான் உண்டானது.

## லட்சங்கள் வந்த விதம்

1970 ஆகஸ்டில் பகுதியின் முகம் மாறியது. ஆல் செயின்ட்ஸ் சாலையில் ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய, கறுப்பின மக்கள் கூடுமிடமாக இருந்த மாங்குரோவ் உணவகத்தைப் போலீஸ் 1969 தொடக்கம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் 12 முறை சோதனையிட்டிருந்தது. அதைக் கண்டித்த ஊர்வலம் மோதலில் முடிந்து, ஒன்பது பேர் மீது வழக்குப் போட்டார்கள். 55 நாள் நடந்த அந்த வழக்கில், கலகம் செய்ததாகச் சாட்டிய முதன்மைக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரும் விடுதலையானார்கள். இந்தப் பதற்றத்தில் லாஸ்லெட் 1970இல் விழாவிலிருந்து விலகினார்; சில ஆண்டுகள் அது மெலிந்தே நடந்தது.

1973இல் பொறுப்பேற்ற லெஸ்லி பால்மர் என்ற இளம் ஆசிரியர் அதை முற்றாக மாற்றினார். வழியை நீட்டினார், விளம்பரதாரர்களைப் பிடித்தார், கடை போட இடம் விற்றார், மாஸ் குழுக்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சவுண்ட் சிஸ்டங்களை அழைத்தார். அதுவரை கார்னிவல் டிரினிடாடுக்காரர்களின் ஊர் நினைவு. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஜமைக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்டீல்பேன் அப்பா காலத்துச் சமாசாரம், ரெக்கேதான் அவர்களுடையது. பெட்டிகள் தெருமுனைக்கு வந்ததும் அவர்களும் வந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. பழையவர்கள் சிலர் முகம் சுளித்ததும் உண்மை. பல்பண்பாட்டு விழா என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் இடையிலான இழுபறியும் இருந்தது. பின்னாளில் பிரேசில் சம்பா குழுக்களும் இதில் வந்து சேர்ந்தன.

## காவல்துறையின் சோதனைக்கூடம்

1976 ஆகஸ்ட் 30. முந்தைய ஆண்டைவிடப் பன்மடங்கு அதிகமாக, ஏறத்தாழ 3,000 காவலர்கள் இறக்கப்பட்டார்கள். அன்று நடப்பிலிருந்தது சஸ் சட்டம்: 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்திலிருந்த ஒரு பிரிவு. குற்றம் செய்யக்கூடும் என்ற சந்தேகம் போதும், கைது செய்யலாம். கறுப்பின இளைஞர்கள் ஆண்டு முழுவதும் இதை அனுபவித்தவர்கள். ஒரு பிக்பாக்கெட் கைது முயற்சியில் தொடங்கிய தகராறு பெருங்கலவரமாயிற்று. காயமடைந்த காவலர்கள் மட்டும் 300க்கு மேல்.

அன்று லண்டன் காவலர்களிடம் கேடயம் கிடையாது. கல் பறந்து வந்தபோது அருகிலிருந்த பால் பெட்டிகளையும் குப்பைத்தொட்டி மூடிகளையும் எடுத்துத் தடுத்தார்கள். டிரினிடாடில் மேளத்தைப் பிடுங்கியபோது இசைக்கருவியான அதே மூடி, லண்டனில் போலீஸின் கேடயமானது. மறு ஆண்டே கலவரக் கேடயங்கள் பிரிட்டன் பெருநிலத்தில் பயன்பாட்டுக்கு வந்தன. சஸ் பிரிவு 1981இல் நீக்கப்பட்டது.

அதன்பின் இந்த விழா காவல்துறைக்கு ஒரு சோதனைக்கூடம் போலவே ஆகிவிட்டது. நேரடி முக அடையாளத் தொழில்நுட்பத்தை லண்டன் காவல்துறை முதலில் பரிசோதித்த இடமும் இதுதான், 2016இல்; மறு ஆண்டும் தொடர்ந்தது. கேமரா கடந்து செல்லும் முகங்களை அளந்து, தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் எச்சரிக்கை ஒலிக்கும். 2025இல் இது மீண்டும் வந்தபோது பதினொரு உரிமை அமைப்புகள் காவல் ஆணையருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதின. கறுப்பின முகங்களை இத்தகைய கருவிகள் தவறாகக் கணிக்கும் அபாயம் ஒரு வாதம். அதைவிட ஆழமான வாதம், கருவியே திருந்திவிட்டாலும், இத்தனை விழாக்கள் இருக்கும் நாட்டில் முதலில் சோதிக்க ஏன் இந்த விழா என்பது. கேமராக்கள் விழாப் பகுதிக்குள் இல்லை, வரும் போகும் வழிகளில்தான் உள்ளன என்றது காவல்துறை.

வன்முறையே இல்லை என்று சொல்வது பொய்யாகும். 2024இல் இருவர் கொல்லப்பட்டனர். அதில் ஒருவர் குழந்தையோடு வந்த தாய். 2025இல் கைதுகள் 400ஐத் தாண்டின. செய்திகளைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம்: கைது எண்ணிக்கை தலைப்பில் இருக்கும், அது பத்து லட்சம் பேரில் எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் இருக்காது.

## உண்மையான ஆபத்து எது?

கத்தியைவிடப் பெரிய அபாயம் நெரிசல். காவல்துறை உயரதிகாரிகளே லண்டன் மாநகர அவையில் இதைத்தான் முன்னிறுத்தினார்கள். நெரிசலில் மக்கள் மிதிபட்டுச் சாவதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் நின்ற நிலையிலேயே மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். சதுர மீட்டருக்கு நான்கைந்து பேர் வரை ஒருவர் தன் காலை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்யலாம். ஆறேழு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கத் தொடங்கும்; தனிமனிதர் விருப்பம் அங்கே செல்லாது. 2022 அக்டோபரில் சியோலின் இட்டேவோனில், டிக்கெட்டும் இல்லாத, அமைப்பாளரும் இல்லாத ஒரு சந்துக்குள் 150க்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படித்தான்.

நாட்டிங் ஹில்லில் இது ஏன் கடினம்?

1. வாயில் இல்லாததால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. தெரியாததைக் கட்டுப்படுத்த முடியாது.

2. தெருக்கள் விக்டோரியா காலத்தவை. இருபுறமும் வீட்டுச் சுவர், பலகை அடித்த கடை, நிலவறைக்கு இறங்கும் படி. ஒதுங்க இடமில்லை.

3. முன்பு சொன்ன இரு வகைக் கூட்டங்கள். ஊர்வலம் லாரியோடு நகர்கிறது. சவுண்ட் சிஸ்டத்தைச் சுற்றியவர்கள் நகர மாட்டார்கள். நகர்வது நிற்பதைச் சந்திக்கும் முனைகளில்தான் அடர்த்தி உச்சத்துக்குப் போகிறது.

4. பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. விழா ஒரு சிறிய அமைப்பினுடையது, சாலை உள்ளாட்சி மன்றங்களினுடையது, ஒழுங்கு போலீஸினுடையது. கூட்டத்தை வழிநடத்தப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் போதாதபோது அந்த வேலையும் போலீஸ் தலையில் விழுகிறது. குற்றம் தடுக்க வந்தவர்கள் கயிறு பிடித்து நிற்கிறார்கள்.

7,000 என்ற எண்ணின் ஒரு பகுதி இங்கேதான் செலவாகிறது. 2025இல் கொடுக்கப்பட்ட பணமும் நெரிசல் பாதுகாப்பு குறித்த சுயாதீன ஆய்வு ஒன்றின் பரிந்துரைகளை நிறைவேற்றவே.

## பணம் எங்கே போகிறது?

கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கு 2025இல் ஒரு டிக்கெட் 373.50 பவுண்டு, சுற்றிலும் வேலி, உள்ளே ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். நாட்டிங் ஹில்லில் அதைப் போலப் பல மடங்கு மக்கள். டிக்கெட் வருமானம் பூஜ்யம். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, கார்னிவலால் லண்டன் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 9.3 கோடி பவுண்டு வருவதாக மதிப்பிட்டது. அது விடுதிகளுக்கும் ரயிலுக்கும் கடைகளுக்கும் போகிறது. இறகு வாங்கிய மாஸ் குழுவுக்குப் போவதில்லை; அவர்கள் கைக்காசு, நன்கொடை, சிறு மானியம் என்று ஓட்டுகிறார்கள். மறுபுறம் காவல் செலவு மட்டும் ஒரு கோடி பவுண்டைத் தாண்டுகிறது. செலவு ஒரு துறையின் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. வரவு எவர் கணக்கிலும் கார்னிவல் பெயரில் ஏறுவதில்லை. ஆகவே அது என்றும் கடன்காரனாகவே காட்சியளிக்கிறது.

## உள்ளூர் என்பது யாருடைய ஊர்?

1958இன் சேரி இன்று பிரிட்டனின் மிக விலையுயர்ந்த வீடுகள் சில உள்ள பகுதி. விழாவை உருவாக்கிய குடும்பங்களில் பல வாடகை தாளாமல் நகரத்தின் வேறு மூலைகளுக்குப் போய்விட்டன. இன்று வார இறுதியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும் குடியிருப்பாளரும், பிறந்த தெருவைப் பார்க்க இரண்டு நாள் திரும்பி வருபவரும் தங்களையே உள்ளூர்க்காரராகக் கருதுகிறார்கள். முதலாமவரின் குறை பொய்யல்ல. வாசலில் இரண்டு நாள் ஒலிபெருக்கி அதிர்வதும், சுவரோரம் சிறுநீர் கழிப்பதும் எவருக்கும் தொல்லைதான். ஆனால் விழாவின் சமூகப் பயன் பெரும்பாலும் அந்த இரண்டு நாளில் இல்லை. பவிஸ் சதுக்கத்து டேபர்னக்கிள் போன்ற கூடங்களில், மீதி 363 நாட்களில் அது நடக்கிறது. பேன் கற்கும் பத்து வயதுப் பிள்ளை, கம்பி வளைக்கக் கற்றுக்கொடுக்கும் பாட்டி, மூன்று தலைமுறையாக ஒரே குழுவில் ஆடும் குடும்பம். இவை எந்த வரவு செலவிலும் வராது.

## பூங்காவுக்கு மாற்றினால்?

நெரிசல் கணக்கை மட்டும் பார்த்தால் பூங்கா நல்ல யோசனைதான். திறந்தவெளி, எண்ணக்கூடிய வாயில்கள். மறுப்பவர்களின் பதிலைத் தமிழர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். தேர் நான்கு மாட வீதிகளைச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. கூட்டம் அதிகம் என்று அதை விளையாட்டு மைதானத்தில் நிறுத்தி நுழைவுச்சீட்டு விற்றால், மரமும் சிற்பமும் அப்படியே இருக்கும், தேரோட்டம் இருக்காது. தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எதற்குள் வராது என்பதற்காக நம் ஊர்களில் நடந்த சண்டைகளும், தெரு வெறும் வழி அல்ல என்பதைத் தெரிந்தவர்கள் போட்ட சண்டைகள்தாம்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. வேலி போட்டால் டிக்கெட் வரும். டிக்கெட் வந்தால் பெரிய நிறுவனம் வரும். பெரிய நிறுவனத்துக்கு நட்சத்திரப் பாடகர் தேவை, கம்பி வளைக்கும் பாட்டி தேவையில்லை. தொண்டர்களைக் கூட்டுவது, சில சந்துகளை ஒருவழியாக்குவது, சவுண்ட் சிஸ்டங்களை முனைகளிலிருந்து தள்ளி வைப்பது, நிதியைப் பல ஆண்டுகளுக்கு உறுதிசெய்வது ஆகியவை சுவாரசியம் இல்லாத வழிகள். தலைப்புச் செய்தியாகாது. ஆனால் இவற்றைச் சரியாகச் செய்து பார்க்காமலேயே பூங்காவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இடமாற்றக் கோரிக்கை மிக அழுத்தமாக எழுந்த ஆண்டு 2017. ஜூன் 14 அன்று, ஊர்வலப் பாதைக்குச் சிறிது தொலைவிலுள்ள கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். இவ்வளவு அருகே ஆட்டபாட்டமா, மரியாதைக்காக வேறிடம் போகட்டும் என்ற குரல் வெளியிலிருந்து வந்தது. மேயர் சாதிக் கான் மறுத்தார். பகுதி மக்களில் பலரும் விழா இங்கேதான் நடக்க வேண்டும் என்றார்கள். இறந்தவர்களின் அண்டைவீட்டார் அவர்கள். கிரென்ஃபெல் நினைவாகப் பச்சை உடை அணிந்து வந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு லாரிகள் நின்றன, பெட்டிகள் அணைந்தன, லட்சக்கணக்கானோர் நின்ற தெருக்களில் ஒரு நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. மறு ஆண்டிலிருந்து அந்த மௌனம் 72 விநாடி ஆயிற்று. பிறகு முதலில் எந்தப் பேன் தொடங்குகிறதோ, அதன் பின்னால் மற்றவை வருகின்றன.